எஸ்டீமுக்கு டர்போ வைப்பதா

செட்டிபாளையத்திலிருந்து மத்தியானம் கிளம்பிய லோகப்பிரியா கரடிவாவி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. கார் அவளுடையது, ஓட்டியதும் அவள்தான். பக்கத்து இருக்கையில் இருந்த அவள் கணவன் மதன்குமாருக்கு இந்த மௌனம் புதிது. ஆட்டோகிராஸ் முடிந்து வீடு திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வளைவில் எந்த கியர் போட்டாள், எங்கே அவசரப்பட்டு பிரேக்கை மிதித்துத் தொலைத்தாள் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வருவாள். அவன் 'ம்' கொட்டியபடியே தூங்கிப்போவான். இன்றைக்குக் கேட்க ஒன்றும் இல்லாததால் தூக்கமும் வரவில்லை.

"ஏனுங்க மாமா, டர்போ வெச்சரலாமுங்களா?" என்றாள், சாலையைப் பார்த்தபடியே.

"பாக்கலாம் அம்மணி" என்றான் மதன்குமார். எதைக் கேட்டாலும் அவன் முதலில் சொல்வது அதுதான்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆட்டோகிராஸ் என்பது பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஒரு மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக உள்ளே போய்ச் சுற்றி வரவேண்டும். கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம். குறைந்த நேரத்தில் வந்தவருக்குக் கோப்பை. பெண்கள் பிரிவில் லோகப்பிரியா இரண்டு வருஷமாக இரண்டாம் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். முதலிடம் ஷ்ரவ்யாவுக்கு. பீளமேட்டு மில் குடும்பத்துப் பெண். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போ, அவளுடைய புது காருக்குள் பிறக்கும்போதே இருந்தது. இன்றைக்கு இரண்டு பேருக்கும் நடுவே மூன்று விநாடியும் நூறில் நாற்பது பங்கும்.

"மூணு நாலு. அது எவ்வளவு தூரம்னு தெரியுமுங்களா? அவ கொடியத் தாண்டி, ஹெல்மெட்டக் கழட்டி, எனக்குக் கை காட்டறா. நா அப்பத்தான் கடைசி வளைவுல வாரேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணா ஓட்டறதில்லையே அம்மணி."

"மனசுல ஒண்ணாத்தான ஓட்டறோம்" என்றாள் லோகப்பிரியா.

லோகப்பிரியா சூலூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு பம்பாக மேடையில் ஏற்றி, எவ்வளவு கரண்டு தின்கிறது, எவ்வளவு தண்ணீர் தூக்குகிறது என்று அளப்பது வேலை. 2001ஆம் வருஷத்து எஸ்டீம் கார் ஒன்று ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டு நின்றதை மூன்று வருஷத்துக்கு முன் பார்த்து வாங்கினாள். சீட்டைக் கழற்றினால் முட்டை இருந்தது. அதைப் பிரித்து, துரு சுரண்டி, வயரெல்லாம் புதிதாக இழுத்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து அவள் ஓட வைத்ததே ஒரு கதை. மதன்குமார் அதில் செய்தது டார்ச் பிடித்ததும் டீ கொண்டுவந்து கொடுத்ததும்தான். கார் என்றால் அவனுக்குத் தீவன மூட்டை ஏற்றும் வண்டி. ஓட்டுவதில் ருசி இருக்கிறது என்று யாராவது சொன்னால், சரி, இருக்கும்போல என்று நினைத்துக்கொள்வான்.

அவனுக்குப் பல்லடம் பக்கத்தில் பத்தாயிரம் கோழிப் பண்ணை. கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் கொடுப்பார்கள். நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் வளர்ப்புக் கூலி. ஒரு செட் கோழி போனதும் ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து இரண்டு வாரம் காயப் போடவேண்டும். அந்த இரண்டு வாரம்தான் அவனுக்கு வெளியுலகம். நல்லவேளையாக இந்தப் பேச்சு வந்தது அப்படி ஓர் இடைவெளியில்.

செவ்வாய்க்கிழமை அவள் லீவு போட்டாள். இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு துடியலூருக்குப் போனார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி தல்ஹா பாயின் ஒர்க்‌ஷாப். தல்ஹாவுக்கும் மதன்குமாருக்கும் ஒரே வயது, நாற்பதுக்குப் பக்கம். இருந்தாலும் தல்ஹா அவனை அண்ணா என்பான், இவன் பாய் என்பான்.

"ஒன்றரை லட்சம் எடுத்து வெச்சிருக்கறமுங்க பாய். அதுக்குள்ள டர்போ வெக்கோணும்" என்றாள் லோகப்பிரியா.

தல்ஹா பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் அளக்கும் மீட்டரைச் செருகி, "ஸ்டார்ட்டர் அடிங்கக்கா" என்றான். முதலாவது நூற்று எழுபது. இரண்டாவது நூற்று அறுபத்தெட்டு. மூன்றாவதில் முள் நூற்று முப்பத்தைந்தோடு நின்றுவிட்டது. நாலாவது மறுபடி நூற்று எழுபது. மூன்றாவதுக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடிக்கச் சொன்னான். முள் ஏறியது.

"ஆயில் விட்டா ஏறுதுன்னா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குதுன்னு அர்த்தம்" என்றான் தல்ஹா. "இப்பிடியே ஓட்டினீங்கன்னா ஒண்ணும் ஆகாதுங்க. பத்திரமா இன்னும் அஞ்சு வருசம் ஓடும். டர்போ வெச்சா உள்ள அழுத்தம் கூடும். அந்த மூணாவது தாங்காது."

"அப்ப இன்ஜினப் பிரிச்சு ரிங் மாத்தீட்டு வெக்கலாமுங்கல்ல?"

"வெக்கலாம். டர்போ மட்டும்னா உக்கடத்துல பழசு இருபதாயிரத்துக்குக் கெடைக்கும்ங்கக்கா. ஆனா டர்போ வாங்கறது மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கற மாதிரி. சட்டை எடுத்தாச்சுன்னா கல்யாணம் முடிஞ்சுதா?" தல்ஹா விரல் விட்டான். காற்றைக் குளிர வைக்க ஒரு ரேடியேட்டர், பெரிய இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் ட்யூனிங், புது கிளச், பிஸ்டன். "சுத்தமாச் செஞ்சா ரெண்டரைக்குக் கொறையாது. ஒன்றரையில முடிங்கன்னு சொன்னா முடிச்சுக் குடுத்துருவேன். நாலு ஞாயித்துக்கெழம பறக்கும். அஞ்சாவது ஞாயித்துக்கெழம டெம்போவுல ஏத்தி இங்க கொண்டாருவீங்க."

லோகப்பிரியாவின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க மதன்குமாருக்கே பாவமாக இருந்தது.

"அதுபோக," என்றான் தல்ஹா, "ரோட்டுல ஓட்டற வண்டிக்கு ஆர்.டி.ஓ. சம்மதிக்கோணும். இல்லீன்னா மைதானத்துக்கு மட்டும்னு வெச்சுக்கோணும். ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்க. ஆனா ஒண்ணு, டர்போ வெச்சாலும் வெக்காட்டியும் இந்த டயரும் பிரேக் பேடும் மாத்தியே ஆகோணும். டயரு கல்லு மாதிரி ஆயிப்போச்சு. இத வெச்சா நீங்க ரெண்டாவது வந்தீங்க?"

கடைசிக் கேள்வியை அவன் ஆச்சரியத்தோடுதான் கேட்டான். லோகப்பிரியாவுக்கு அது பாராட்டாகப் படவில்லை. ஆனால் டயரும் பேடும் அன்றைக்கே மாற்றினார்கள்.

அந்த வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மதன்குமார் வேண்டாம் கட்சி. பத்து ரூபாய்த் தீவனம் போட்டு எட்டு ரூபாய்க் கறி எடுக்கிற கணக்கு இது என்றான். லோகப்பிரியா வேண்டும் கட்சி. ஆசைக்குத் தீவனக் கணக்குப் பார்த்தால் யாரும் எதையும் செய்ய முடியாது என்றாள். புதன்கிழமை இரவு இரண்டு பேரும் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை ஆளுக்கொரு பக்கம் போனதில்தான் விஷயம் தலைகீழானது. மதன்குமார் காலி ஷெட்டில் காற்றாடிகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். எலக்ட்ரீசியன் மோட்டாரை மாற்றியிருந்தார். ஸ்விட்சைப் போட்டதும் முந்நூறு அடி நீள ஷெட் முழுக்கக் காற்று ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உருவிக்கொண்டு ஓடியது. அவன் வேட்டி படபடத்தது. பழைய மோட்டாரில் இதில் பாதிதான் இருந்தது. கோழி தின்பது தீவனத்தை என்றாலும், தின்னவைப்பது காற்று. காற்றோட்டம் நன்றாக இருந்த செட்டில் கூலி கூடுதலாகக் கிடைத்ததை நினைத்துக்கொண்டான். இன்ஜினும் அப்படித்தானே? பாவம், அவள் கேட்டது கொஞ்சம் காற்று.

அதே நேரம் சூலூரில் லோகப்பிரியாவின் மேடையில், ரிப்பேருக்கு வந்த ஒரு பழைய பம்பு. யாரோ விவசாயி தண்ணீர் கூட வரட்டும் என்று அதில் பெரிய மோட்டாரை மாட்டிவிட்டிருந்தார். கரண்டு போட்டதும் தண்ணீர் பீய்ச்சியது. பதினைந்தே நிமிஷம். பேரிங் அலற, மேடையே குலுங்கியது. அவள் ஓடிப்போய் நிறுத்தினாள். சூடேறிய பேரிங்கைத் தொட்டபோது தல்ஹா சொன்ன மூன்றாவது சிலிண்டர் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலைப் பலகாரமாகப் பிழிந்த சந்தகையில் அவள் தேங்காய்ப்பால் ஊற்றும்போது மதன்குமார் சொன்னான்: "சேரி அம்மணி, வெச்சரலாம். பாக்கிப் பணத்தை அடுத்த செட் கூலியில பாத்துக்கலாம்."

லோகப்பிரியா கரண்டியைக் கீழே வைத்தாள். "நா வேண்டாம்னு சொல்லலாம்னு இருந்தனுங்க."

"ஏன்?"

"வேண்டாமுங்க. வயசான பம்புக்கு எதுக்கு அந்த வேதனை."

"அதெப்பிடி? காத்து வேணும்னு நேத்துத்தான் எனக்குப் புரிஞ்சுது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மதன்குமாருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மூன்று நாள் சண்டை போட்டு, ஒருவர் கட்சிக்கு ஒருவர் மாறி, மறுபடி எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். லோகப்பிரியா சிரித்ததில் தேங்காய்ப்பால் புரையேறியது.

"நாளைக்கு வால்பாறை போயிட்டு வந்தரலாமுங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "புது டயரையும் பேடையும் பழக்கோணும். நாப்பது கொண்டை ஊசி. வண்டி என்ன கேக்குதுன்னு அங்க தெரிஞ்சுபோகும்."

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். ஆழியாறு தாண்டி முதல் வளைவு ஏறும்வரை எல்லாம் சுகம். அப்புறம் ஏற்றத்தில் எஸ்டீம் மூச்சு வாங்கத் தொடங்கியது. முன்னால் ஓர் அரசுப் பேருந்து. வளைவில் அது அகலமாக எடுத்துத் திரும்பும் வரை காத்திருந்து, இடம் கிடைத்து அழுத்தினால், கார் யோசித்து யோசித்துத்தான் எழுந்தது.

"பாத்தியா அம்மணி? காத்துப் பத்தல" என்றான் மதன்குமார். டர்போ கட்சியில் சேர்ந்ததிலிருந்து அவனுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டது.

"பத்தலதானுங்க" என்று அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் முகம் வாடவில்லை. வளைவுக்கு வளைவு காரைத் திருப்பும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. புது டயர் சாலையைப் பிடித்த பிடி அவள் கைக்கு வந்துகொண்டிருந்தது.

வால்பாறையில் இட்லியும் டீயும் சாப்பிட்டார்கள். தேயிலைத் தோட்டத்து மேகம் இறங்கி வந்து காரின் கண்ணாடியை நனைத்தது. திரும்பக் கிளம்பும்போது லோகப்பிரியா சாவியை நீட்டினாள்.

"நீங்க ஓட்டுங்க மாமா. முன்னாடி எடது சக்கரத்துல என்னமோ கிரீச்சுங்குது. பக்கத்துல உக்காந்து கேட்டாத்தான் எங்கிருந்து வருதுன்னு தெரியும்."

"நானா? இந்த ரோட்டுலயா?"

"தீவன வண்டிய ஓட்டற மாதிரி ஓட்டுங்க. ரெண்டாவது கியர்லயே எறக்குங்க. அவ்வளவுதான்."

முதல் நாலைந்து வளைவு அவன் அப்படித்தான் இறக்கினான், பின்னால் இருபது மூட்டை தீவனம் இருப்பதுபோல. ஏறி வரும் வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி நின்று வழி விட்டான். ஒரு பேருந்து டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார். கீழிருந்து எண்ணினால் முப்பத்தைந்தாவது வளைவோ என்னவோ, அங்கே தற்செயலாக ஒன்று நடந்தது. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை மிதித்து முடித்துவிட்டான். திருப்பும்போது காலை எடுத்துவிட்டான். கார் தானாக மூக்கை உள்ளே கொடுத்து, பம்பரம்போல் இடுப்பைத் திருப்பி, வெளியே வந்து நேராக நின்றது. அதில் அவன் வேலை எதுவுமே இல்லாததுபோல் இருந்தது.

"அட" என்றான்.

அடுத்த வளைவில் அதையே வேண்டுமென்று செய்து பார்த்தான். வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை, முப்பதைத் தாண்டியிருக்காது. ஆனால் சாலையில் இருந்த ஒவ்வொரு பள்ளமும் அவன் உள்ளங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அட்டகட்டி வரும்போது அவன் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு அவன் சிரித்து லோகப்பிரியா பார்த்ததில்லை. சக்கரத்தின் சத்தத்தைக் கேட்க வந்தவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிரீச் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

ஒன்பதாவது வளைவில் நிறுத்தவேண்டியதாயிற்று. நாலு வரையாடுகள் சாலை நடுவே நின்று, காரை ஏற இறங்கப் பார்த்தன. கீழே ஆழியாறு அணை வெயிலில் தகதகத்தது. மதன்குமார் இன்ஜினை அணைத்தான்.

"இதத்தான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் சொல்லிட்டு வருவியா? நா தூங்கிப்போடுவனே, அப்ப?"

"ஆமாங்க."

"அடக் கடவுளே" என்றான். "அம்மணி, அந்த ஆட்டோகிராஸ்ல ஒரே காரை ரெண்டு பேரு ஓட்டலாமா?"

"ஓட்டலாமுங்க. ஆளுக்கு ஒரு என்ட்ரி கட்டோணும். எதுக்கு?"

"நானும் ஒரு என்ட்ரி போடறேன்."

லோகப்பிரியா விளையாட்டென்று நினைத்தாள். முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது.

"அப்ப டர்போ?" என்று கேட்டாள்.

"டர்போ இருந்திருந்தா, எறக்கத்துல எப்ப சவட்டித் தள்ளுமோன்னு நா பயந்துட்டே வந்திருப்பேன். இது என் காலுக்குத் தக்க ஓடுது அம்மணி. எனக்கு இது போதும். உனக்குத்தான் பத்தாது."

டர்போ தேவையில்லை என்றுதான் ஏறும்போது லோகப்பிரியாவும் நினைத்துக்கொண்டு வந்தாள். மைதானத்தில் கூம்புக்கும் கூம்புக்கும் நடுவே அறுபது அடிகூட இல்லை. டர்போ விழித்தெழுந்து தள்ளத் தொடங்கும்போது அடுத்த கூம்பு வந்துவிடும். அவள் இத்தனை நாள் இழந்தது நேர்ப்பாதையில் இல்லை, வளைவில். கல்லாகிப்போன டயரில் வழுக்கியதை இன்ஜினின் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் போதுமுங்க" என்றாள். "அந்தப் பணத்துல போட்டிக்குன்னே மெத்துன்னு இருக்கற டயரு இன்னொரு செட், உங்களுக்கு ஒரு ஹெல்மெட்டு, ஒரு சூட்டு, வருசம் முழுக்க ரெண்டு பேருக்கும் என்ட்ரி. அப்பவும் மீதி இருக்கும். மூணாவது சிலிண்டரு எப்பப் படுக்குதோ அப்பப் பிரிச்சுக்கலாம்."

ஆடுகள் வழி விட்டன.

அடுத்த போட்டி மூன்று வாரம் கழித்து, அதே மைதானத்தில், அதே வழித்தடத்தில். புதுக் குஞ்சுகள் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்ளத் தம்பி முறைக்காரர் பொங்கியண்ணனை வைத்துவிட்டு, மதன்குமார் புது சூட்டில் வந்து நின்றான். தொப்பை அதில் கொஞ்சம் முந்தி நின்றது. தல்ஹா வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

முதல் சுற்றில் மதன்குமார் ஐந்தாவது கூம்புக்கு அப்புறம் வழி தெரியாமல் மைதானத்து மூலைக்கே போய்விட்டான். அங்கே உட்கார்ந்திருந்த கொடிக்காரர் எழுந்து வழி சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டம் கைதட்டியது. இரண்டாவது சுற்றில் வழி தெரிந்தது, ஆனால் நாலு கூம்பைத் தட்டினான், அதில் ஒன்றைப் பம்பரில் மாட்டிக் கோடுவரை இழுத்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது அவன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தவர்கள் முதல் பரிசு அவனுக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

லோகப்பிரியாவின் மூன்றாவது சுற்றின்போது தல்ஹா வேலியோரம் வந்துவிட்டான். புது டயரில் எஸ்டீம் கூம்புகளுக்கு நடுவே வழுக்காமல், அலறாமல், நூல் கோத்ததுபோல் போய் வந்தது. மைக்கில் நேரத்தைச் சொன்னார்கள். போன முறையைவிட இரண்டு விநாடியும் எழுபது பங்கும் குறைவு. ஷ்ரவ்யாவும் தன் நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தாள்; இருவருக்கும் நடுவே இப்போது ஒரு விநாடிதான், கொஞ்சம் மேலே.

ஷ்ரவ்யா ஹெல்மெட்டோடு ஓடி வந்தாள். "அக்கா, என்ன போட்டீங்க? டர்போவா?"

"டயரு" என்றாள் லோகப்பிரியா.

"அப்பறம்?"

"அப்பறம் மாமாவைப் போட்டிருக்கேன். இப்ப வாராரு பாரு."

மதன்குமாரின் கடைசிச் சுற்று. ஷ்ரவ்யாவும் வேலியோரம் வந்து நின்றாள். அவன் வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்தான். காலை எடுத்தான். கார் மூக்கைக் கொடுத்தது. ஒரு கூம்பும் விழவில்லை. கோட்டைத் தாண்டி வந்து நின்றதும் மைக் நேரத்தைச் சொன்னது. லோகப்பிரியா காதில் சரியாக விழாததுபோல் தல்ஹாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களைவிட முப்பது பங்கு அதிகம்ங்கக்கா" என்றான் தல்ஹா. "ஒரு விநாடியில மூணுல ஒரு பங்குகூட இல்ல."

ஆண்கள் பிரிவில் அவன் பதினொன்றாவது. பெண்கள் பிரிவில் அவளுக்கு அதே இரண்டாவது கோப்பை. கோப்பையை வாங்கும்போது லோகப்பிரியாவின் பார்வை முதலிடக்காரியின் மேல் இல்லை, கூட்டத்தில் நின்று விசிலடித்துக்கொண்டிருந்த தன் கணவன் மேல் இருந்தது. ஷ்ரவ்யா எஸ்டீமை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஓட்டிவிட்டு வந்தவள் தன் காரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

திரும்பும்போது மதன்குமார்தான் ஓட்டினான். லோகப்பிரியா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். இந்த முறை அவனுக்குக் கொட்டாவிகூட வரவில்லை. தன் பங்குக்கு அவனும் பேசினான். கரடிவாவி தாண்டியதும் அவள் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்:

"அந்த எட்டாவது கூம்புல எந்த கியர்ல போனீங்க மாமா? வெளிய வரும்போது வண்டி நல்லா எந்திரிச்சுதே."

மதன்குமார் கண்ணாடியைச் சரிசெய்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அதெல்லாம் போட்டிக்கு வர்றவங்ககிட்டச் சொல்றதில்லீங்க அம்மணி" என்றான்.